வீட்டு ஸ்டீம் பாத் கூடாரம்: மூன்று வருடமும் ஒரு பூஞ்சை வாடையும்

கல்லூரித் தோழி நேற்று ஒரு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பியிருந்தாள். வீட்டில் விரித்து உட்காரும் ஸ்டீம் பாத் கூடாரம், தள்ளுபடியில் 2,600 ரூபாய். "உன்கிட்ட இதுதானே இருக்கு, வாங்கட்டுமாடி?" என்று கேட்டிருந்தாள். இதையே நான் மூன்று வருடத்துக்கு முன்னால் 4,200 கொடுத்து வாங்கினேன். போன வாரம்தான் அதற்குள் ஆவி அனுப்பும் ஸ்டீமர் மண்டையைப் போட்டு, 650 ரூபாய் தண்டம் அழுதுவிட்டு வந்திருக்கிறேன். அந்த எரிச்சலில் பதில் போட வேண்டாம் என்று ஒரு நாள் பொறுத்து எழுதுகிறேன். முழுக்க ஆறிவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

இதை வாங்கியதே ஒரு ஸ்பா மீது வந்த கோபத்தில்தான். 'டீடாக்ஸ் பேக்கேஜ்' (உடம்பில் இருக்கும் நச்சை, அதாவது டாக்ஸினை, வெளியேற்றுகிறார்களாம்) என்று ஒரு தடவைக்கு 3,500 ரூபாய். எண்ணெய் மசாஜ், ஸ்டீம், கடைசியில் வெள்ளரித் துண்டு மிதக்கும் ஒரு டம்ளர் தண்ணீர். மூன்றாவது தடவை போனபோது புதிதாக ஒரு தொட்டி வைத்திருந்தார்கள். உப்புத் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார வேண்டும், உள்ளே லேசாக மின்சாரம் ஓடும், அரை மணியில் தண்ணீர் பழுப்பாக மாறிவிடும். "பாருங்க மேடம், உடம்புல இவ்வளவு டாக்ஸின்" என்றாள் அந்தப் பெண். கால் வைக்காமல் ஒரு தடவை ஓட்டிக் காட்டும்மா என்றேன், சிரித்து மழுப்பிவிட்டாள். விடுவேனா? வீட்டுக்கு வந்து மகளுடைய 9 வோல்ட் பேட்டரி, இரண்டு இரும்பு ஆணி, ஒரு டம்ளர் உப்புத் தண்ணீரை வைத்துப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் அதே பழுப்பு. ஆணியில் இருந்த இரும்பு கரைந்து வந்த துரு. அதற்கும் என் காலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

அந்தக் கடையில் எனக்குப் பிடித்தது ஸ்டீம் மட்டும்தான். அதை வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாமே என்று இதை வாங்கினேன்.

டீடாக்ஸ் என்று இந்தப் பெட்டியின் மீதும் பெரிதாகத்தான் அச்சடித்திருக்கிறது. வியர்வையில் 99 சதவீதம் தண்ணீர், மிச்சம் உப்பும் துளி யூரியாவும். சிறுநீரகம் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் வடிகட்டுகிறது, கல்லீரல் தன் பங்குக்கு வேலை பார்க்கிறது. இவற்றுக்குப் பக்கத்தில் என் இருபது நிமிட வியர்வை எந்த மூலைக்கு? முதல் மாதம் உட்காருவதற்கு முன்னும் பின்னும் எடை பார்த்தேன். அரைக் கிலோ குறையும், இரண்டு சொம்பு தண்ணீர் குடித்ததும் திரும்பி வந்துவிடும். அந்த விளையாட்டை அதோடு விட்டுவிட்டேன்.

ஆனால் தூக்கம் வருகிறதே, அதை எப்படி மறுப்பது. நாள் முழுக்க ஸ்கூட்டர் ஓட்டி, கணினி முன்னால் உட்கார்ந்து, கழுத்தும் தோளும் பலகை மாதிரி இறுகியிருக்கும். ராத்திரி எட்டு மணிக்கு இதில் உட்கார்ந்து எழுந்து வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிக்கொண்டால் அந்த இறுக்கம் பாதியாவது விடும். காலை ஐந்து மணிக்கு எங்கள் அடுக்ககத்தில் போடும் மோட்டார் சத்தம் தினமும் என்னை எழுப்பிவிடும், ஸ்டீம் எடுத்த மறுநாள் மட்டும் அது காதில் விழுவதே இல்லை. டாக்ஸின் போகிறது என்று விற்பவர்கள் இதைச் சொல்லி விற்றிருந்தால் நானும் சண்டை போட்டிருக்க மாட்டேன்.

சரி, இப்போது என் தலையாய புகார். காய வைப்பது. வாங்குவதற்கு முன் படித்த ஒரு விமர்சனத்தில்கூட ஒருத்தரும் இதைச் சொல்லவில்லை. ஆவி உள்பக்கத் துணியில் பட்டுத் தண்ணீராகி, வழிந்து, கீழே ஒன்றிரண்டு டம்ளர் அளவுக்குத் தேங்கி நிற்கும். அதைத் துடைத்து, கூடாரத்தை உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி புரட்டி, பால்கனிக் கொடியில் போட்டு, தையல் மூலைகளைத் தனியாகத் துணி வைத்து ஒற்ற வேண்டும். சுகம் இருபது நிமிடம், ஊழியம் முக்கால் மணி நேரம். மே மாதத்தில் பரவாயில்லை. சென்னையில் ஐப்பசி, கார்த்திகையில் போட்ட துணியே மூன்று நாள் காயாது, இது எங்கே காய்வது. முதல் மழைக்காலத்தில் அலுப்பில் ஈரத்தோடு மடித்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். பத்து நாள் கழித்துப் பிரித்தால், ஊறப்போட்டு மறந்த துணி வாடை, ஓரமெல்லாம் கறுப்புப் புள்ளி. வினிகர் போட்டுத் துடைத்து வெயிலில் போட்டதில் புள்ளி மங்கியது, வாடை மட்டும் மழை பெய்தால் இன்றைக்கும் எட்டிப்பார்க்கிறது. யானையைக் கட்டித் தீனி போடுகிறாய் என்கிறார் வீட்டுக்காரர்.

ஸ்டீமர் கெட்டதில் பாதித் தப்பு என்னுடையது, ஒப்புக்கொள்கிறேன். எங்களுக்கு போர் தண்ணீர், ஒரே உப்பு. அதையே ஊற்றிக்கொண்டிருந்தேன். போதாததற்கு, சளி பிடித்தால் நொச்சி போட்டு வேது பிடிப்பதுதான் சரி என்று மாமியார் சொல்ல (சித்த மருத்துவத்தில் உடம்புக்கு வெளியே செய்யும் 32 புற மருந்துகளில் வேதுவும் ஒன்றுதான்), ஒரு கைப்பிடி இலையை நேராக அதிலேயே போட்டுவிட்டேன். வாசனை அபாரம், வீடே மணந்தது. போன வாரம் மெக்கானிக் திறந்து காட்டினார். சூடேற்றும் கம்பிச் சுருள் முழுக்க வெள்ளையாகச் சுண்ணாம்பு, அதற்கு மேல் கரும்பச்சையாக ஏதோ அப்பியிருந்தது. "அக்கா, இதுல என்ன ரசம் வெச்சீங்களா?" என்று கேட்டார். இப்போது கேன் தண்ணீர்தான் ஊற்றுகிறேன், மாதம் ஒருமுறை வினிகர் கலந்த தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறவைத்துக் கழுவுகிறேன், நொச்சியை மெல்லிய துணியில் முடிந்து கூடாரத்துக்குள் கட்டித் தொங்கவிடுகிறேன்.

இன்னொன்று. இதில் வீரம் காட்டக் கூடாது. ஆரம்பத்தில் ஒரு நாள் நாற்பது நிமிடம் உட்கார்ந்துவிட்டு டக்கென்று எழுந்தேன், கண் இருட்டி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சூட்டில் ரத்தக்குழாய் விரிந்து பி.பி. இறங்கும். பி.பி. மாத்திரை சாப்பிடுபவர்கள், இதய நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். ஆவி வரும் குழாயின் வாய்க்கு நேராகக் காலை நீட்டாதீர்கள், எனக்குக் கெண்டைக்காலில் இன்னும் தழும்பு இருக்கிறது. கரண்ட் செலவு பெரிதில்லை, என்னுடையது 1,000 வாட், அரை மணிக்கு அரை யூனிட்.

தோழிக்கு வாங்காதே என்றுதான் பதில் போட்டேன். மூன்றாவது மாடி, பால்கனி கிடையாது, அவள் வீட்டில் இதை எங்கே காயப்போடுவது? உடனே அவள், "அப்போ உன்னோடதை ஆயிரத்துக்குத் தர்றியா?" என்றாள்.

650 செலவு பண்ணி இப்போதுதான் ரிப்பேர் பார்த்திருக்கிறேன், எப்படித் தருவேன்?