1.2 வோல்ட் கிட்டும் 1.35 வோல்ட் கிட்டும் ஒரே போர்டில்: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

டிடிஆர்4 ரக ரேம் போடும் மதர்போர்டுகளில் ரேம் ஸ்லாட்டுகள் அனைத்துக்கும் ஒரே மின்னழுத்தம்தான் செல்கிறது. 1.35 வோல்ட் என்று லேபிளில் அச்சிட்ட கிட் (ஒரே பெட்டியில் வரும் ரேம் குச்சிகளின் தொகுப்பு) ஒன்றும், 1.2 வோல்ட் என்று அச்சிட்ட கிட் ஒன்றும் அடுத்தடுத்த ஸ்லாட்டுகளில் அமர்ந்தால், ஆளுக்கு ஓர் அளவைக் கொடுப்பதற்குப் பயோஸில் (போர்டின் அமைப்பு மென்பொருளில்) வழி கிடையாது. எந்த அளவைத் தேர்ந்தாலும் ஒரு கிட்டுக்கு அது லேபிளுக்குக் குறைவாகவோ மற்றதற்கு அதிகமாகவோ அமையும். சில ஆண்டுகளாக இப்படியொரு கலவையைத்தான் அன்றாட வேலைக்குப் பயன்படுத்தி வருகிறேன். கணினி இப்போது எந்தச் சிக்கலும் இல்லாமல் ஓடுகிறது. ஆனால் அந்த நிலைக்கு அதைக் கொண்டுவந்ததில் மின்னழுத்தத்துக்கு இருந்த பங்கு நான் எதிர்பார்த்ததைவிடச் சிறியது.

பி450 சிப்செட் போர்டு, ரைசன் 5 3600 பிராசஸர். முதலில் வாங்கியது 8 ஜிபி குச்சிகள் இரண்டு கொண்ட 3200 சிஎல்16 கிட் (3200 என்பது வேகம்; சிஎல் என்பது கேட்ட தரவு வரும் வரை காத்திருக்கும் கடிகாரச் சுழற்சிகள்). ஹீட் ஸ்பிரெடர் போட்டது, எக்ஸ்எம்பி புரொஃபைலில் (தயாரிப்பாளர் குச்சியிலேயே பதிந்துவைக்கும் வேக அமைப்பில்) 1.35 வோல்ட் கேட்பது. வீடியோ எடிட்டிங்குக்கும் விர்ச்சுவல் மெஷின்களுக்கும் 16 ஜிபி போதாமல் போனபோது சேர்த்தது 16 ஜிபி குச்சிகள் இரண்டு. பச்சை நிறப் பலகையில் வெறும் சிப்புகள் மட்டும் தெரியும், அலங்காரம் ஏதுமில்லாத 3200 சிஎல்22 ரகம், 1.2 வோல்ட். விலை குறைவு என்பதே அதை வாங்கியதற்கான ஒரே காரணம்.

பொருத்தும்போது ஒவ்வொரு சேனலிலும் (பிராசஸருக்கும் ரேமுக்கும் இடையிலான தரவுப் பாதையிலும்) ஒரு பெரிய குச்சியும் ஒரு சிறிய குச்சியுமாக வைத்தேன். ஏ2, பி2 ஸ்லாட்டுகளில் 16 ஜிபி, ஏ1, பி1 ஸ்லாட்டுகளில் 8 ஜிபி. ஒரே கிட்டின் இரண்டு குச்சிகளையும் ஒரே சேனலில் போடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்படிப் போட்டால் ஒரு சேனலில் 32 ஜிபியும் மற்றதில் 16 ஜிபியும் அமைந்து, நினைவகத்தின் ஒரு பகுதி ஒற்றைச் சேனல் வேகத்தில்தான் இயங்கும்.

இனி மின்னழுத்தம். டிடிஆர்4 வகைக்கு ஜெடெக் (ரேம் தரநிலைகளை வகுக்கும் அமைப்பு) தரநிலை வகுத்த இயங்கு அளவு 1.2 வோல்ட், கூட்டக் குறைக்க 0.06 வோல்ட் இடம் உண்டு. அதே தரநிலை, சிப்புக்குச் சேதம் வராத உச்ச வரம்பாக 1.5 வோல்ட்டைக் குறிக்கிறது. அந்த வரம்பில் ஓட்டலாம் என்று இதற்குப் பொருள் அல்ல. அதைத் தாண்டினால் பொறுப்பில்லை என்றுதான் பொருள். எக்ஸ்எம்பி கிட்டுகள் பெரும்பாலும் கேட்கும் 1.35 வோல்ட், இந்த இரண்டுக்கும் நடுவே நெடுங்காலமாகப் புழங்கி நிலைபெற்ற அளவு. ஆகவே 1.2 வோல்ட் குச்சிக்கு 1.35 கொடுத்தால் உடனே கருகிவிடும் என்ற அச்சத்துக்கு அடிப்படை இல்லை. ஆனால் அந்த அளவில் அது நன்றாக ஓடும் என்று தயாரிப்பாளர் எங்கும் உறுதி சொல்லவில்லை. சில வகைச் சிப்புகள் கூடுதல் மின்னழுத்தத்தால் பலன் எதுவும் பெறாமல் சூட்டை மட்டும் கூட்டிக்கொள்பவை.

நான்கு குச்சிகளையும் போட்டு முதல் கிட்டின் எக்ஸ்எம்பியை இயக்கியதும் கணினி தடையில்லாமல் பூட் ஆனது, விண்டோஸும் திறந்தது. இந்தக் கட்டத்தில்தான் பலர் வேலை முடிந்தது என்று கேபினெட்டை மூடிவிடுகிறார்கள். எனக்கு இரண்டொரு நாளில் பிரவுசர் டேப்கள் காரணமின்றி விழத் தொடங்கின. பெரிய கோப்பொன்றை 7-ஜிப்பில் சுருக்கி உடனே சோதித்தால் சிஆர்சி பிழை (தரவு மாறிவிட்டது என்ற எச்சரிக்கை) வந்தது. அதே கோப்பை மறுபடி சுருக்கினால் சரியாக இருந்தது. ரேம் கோளாறின் இயல்பே அதுதான்: நின்று நிதானமாகத் தவறு செய்யாது, போகிற போக்கில் ஒரு பிட்டை மாற்றிவிட்டுப் போய்விடும்.

இணையத்தில் இதற்குக் கிடைக்கும் முதல் ஆலோசனை மின்னழுத்தத்தைக் கூட்டுவது. 1.37, 1.38, பின்பு 1.40 வரை ஏற்றிப் பார்த்தேன். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ காட்டிய பிழைகள் குறையவில்லை. குச்சிகள் சூடேறிய பிறகு பார்த்தால் பிழைகள் கூடியே இருந்தன. இந்த நடத்தையே ஒரு துப்பு. மின்னழுத்தப் பற்றாக்குறை என்றால் ஏற்ற ஏற்ற நிலைமை சிறிதாவது தேற வேண்டும். தேறாவிட்டால் காரணம் வேறிடத்தில் இருக்கிறது.

அது இருந்த இடம் டிஆர்எஃப்சி என்ற டைமிங். ரேம் சிப் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள எடுத்துக்கொள்ளும் நேரம் அது. 8 ஜிகாபிட் சிப்புக்கு ஜெடெக் தரும் நேரம் 350 நானோ வினாடி. 16 ஜிகாபிட் சிப்புக்கு 550. என் பழைய குச்சிகளில் இருப்பவை 8 ஜிகாபிட் சிப்புகள். புதிய குச்சியில் ஒரு பக்கம் மட்டும் எட்டுச் சிப்புகள் இருந்தன. 16 ஜிபியை எட்டால் வகுத்தால் ஒவ்வொன்றும் 2 ஜிபி, அதாவது 16 ஜிகாபிட். என் போர்டோ எக்ஸ்எம்பியை இயக்கியதும் பழைய கிட்டின் 560 சுழற்சிகளை நான்கு குச்சிகளுக்கும் பொதுவாகப் போட்டுவிட்டது. 3200 வேகத்தில் 560 சுழற்சிகள் சரியாக 350 நானோ வினாடி. புதிய குச்சிகளுக்கு அதே வேகத்தில் தேவைப்பட்டது 880. புதுப்பிப்பு முடிவதற்குள் சிப்பை வேலைக்கு இழுத்தால், அதற்கு எத்தனை வோல்ட் கொடுத்தும் பயன் இல்லை. சிபியு-இசட் மென்பொருளின் எஸ்பிடி பக்கத்தில் (குச்சியில் பதிந்த விவரங்களைக் காட்டுவது) இரு கிட்டுகளின் அட்டவணைகளையும் எழுதி ஒப்பிட்டபோதுதான் இது கண்ணில் பட்டது. கலப்புக் கிட் போடும் எவரும் பயோஸுக்குள் போவதற்கு முன்பே இந்த ஒப்பீட்டைச் செய்துவிடுவது நல்லது. ஒரே மாடல் எண்ணில் வாங்கினாலும் விதிவிலக்கு இல்லை; தயாரிப்பாளர்கள் அதே எண்ணின் கீழ் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு சிப்புகளை வைத்து விற்பதுண்டு.

அடுத்ததாக வேகத்தைக் குறைத்தேன். ரைசன் 3000 வரிசைக்கு ஏஎம்டி அதிகாரபூர்வமாகச் சொல்லும் 3200 என்பது இரண்டு குச்சிகளுக்கு மட்டும்தான். நான்கு குச்சிகள் என்றால் ஒற்றை ரேங்குக்கு (ரேங்க் என்பது குச்சியில் ஒன்றாக இயங்கும் சிப்புகளின் தொகுதி) 2933, இரட்டை ரேங்குக்கு 2667. நான்கு ஸ்லாட்டும் நிரம்பும்போது பிராசஸருக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலர் சுமக்கும் பாரம் கூடுவதே காரணம். என் குச்சிகள் எல்லாம் ஒற்றை ரேங்க் என்பதால் 2933, சிஎல்18, டிஆர்எஃப்சி 820, கமாண்ட் ரேட் (கட்டளைக்கான இடைவெளி) 2டி என்று கையால் அமைத்தேன். சிஎல்18 என்பது இந்த வேகத்தில் ஏறத்தாழ 12.3 நானோ வினாடி. பழைய கிட்டின் சொந்த அளவு 10 நானோ வினாடி, எனவே அதற்கு இது ஓய்வு போல. புதிய கிட்டின் அளவு 13.75, ஆகவே அதை மட்டும் சற்று விரட்டுகிறோம். 1.2 வோல்ட்டுக்கு மேல் கொடுக்கும் கூடுதல் மின்னழுத்தம் இந்த விரட்டலுக்கான விலை மட்டுமே.

இந்த அமைப்பில் 1.35 வோல்ட்டில் சோதித்தபோது இரவு முழுவதும் ஓடியும் ஒரு பிழைகூட இல்லை. பலர் இங்கே நிறுத்திக்கொள்வார்கள்; நிறுத்தினாலும் தவறில்லை. நான் அங்கிருந்து கீழே இறங்கினேன். முதலில் 1.34க்கு வந்து, பிறகு 0.02 வோல்ட்டாகக் குறைத்து, ஒவ்வொரு படியிலும் மெம்டெஸ்ட்86+ முழுச் சுற்றுகளையும், பிறகு விண்டோஸுக்குள் டெஸ்ட்மெம்5 சோதனையையும் ஓட்டினேன். 1.24 வோல்ட்டில் டெஸ்ட்மெம்5 பிழை காட்டியது. இரண்டு படி மேலே ஏறி 1.28 வோல்ட்டில் நிறுத்தினேன். இன்றுவரை அதுவே தொடர்கிறது. பயோஸில் 1.28 என்று எழுதினால் எச்டபிள்யூஇன்ஃபோ என்ற கண்காணிப்பு மென்பொருளில் என் போர்டு 1.29 என்று காட்டுகிறது. போர்டுகள் எழுதியதைவிடச் சற்றே கூட்டிக் கொடுப்பது அரிதல்ல, 1.45, 1.5 என்று போகிறவர்கள் இந்த வித்தியாசத்தைக் கட்டாயம் கணக்கில் கொள்ள வேண்டும்.

இறங்கியதற்குக் காரணம் சூடு. சிப்பு இயங்கும்போது செலவாகும் மின்திறன் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. 1.2க்கும் 1.35க்கும் இடையே இருப்பது எட்டில் ஒரு பங்கு ஏற்றம்தான் என்றாலும், மின்திறனில் அது கால் பங்குக்கும் மேல் உயர்வாக வந்து நிற்கிறது. ஹீட் ஸ்பிரெடர் இல்லாத குச்சிகள் நெருக்கமாக நிற்கும் இடத்தில், ஏசி இல்லாத அறையில், சென்னையின் மே மாதப் பிற்பகலில் இது வெறும் கணக்கு அல்ல. குளிர்காலத்தில் பிழையின்றித் தேறிய அமைப்பு கோடையில் சறுக்குவதுண்டு, ஏனெனில் சூடு கூடக் கூட ரேம் செல்களில் மின்னூட்டம் விரைவாகக் கசிகிறது. 85 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் புதுப்பிப்பை இருமடங்கு அடிக்கடி செய்ய வேண்டும் என்று தரநிலையே சொல்கிறது. அதனால் இறுதிச் சோதனையைக் கோடைக்கென்று ஒதுக்கி வைத்து, கிராபிக்ஸ் கார்டுக்கும் ஒரே நேரத்தில் சுமை கொடுத்து ஓட்டினேன். கிராபிக்ஸ் கார்டின் வெப்பக் காற்று நேராக ரேமை நோக்கித்தான் எழும்புகிறது.

ரேம் மின்னழுத்தம் என்று பேசும்போது எல்லோரும் குச்சிகளுக்குச் செல்லும் டிராம் வோல்டேஜை மட்டும் பார்க்கிறார்கள். ரைசனில் மெமரி கன்ட்ரோலருக்கு உணவளிப்பது எஸ்ஓசி வோல்டேஜ். எக்ஸ்எம்பி இயக்கியதும் என் போர்டு அதைத் தானாகவே 1.1 வோல்ட்டுக்கு ஏற்றியிருந்தது. 2933 வேகத்துக்கு அவ்வளவு தேவைப்படவில்லை, 1.05 போதுமானதாக இருந்தது. பிராசஸரின் உள் இணைப்புக்கான விடிடிஜியை 0.95ல் வைத்தேன், அது எஸ்ஓசியைவிடக் கீழே இருந்தாக வேண்டும். ரேம் சிப்புக்குச் செல்லும் துணை மின்னழுத்தமான விபிபி 2.5 வோல்ட்டை நான் தொடவில்லை, தொடுவதற்குக் காரணமும் இல்லை.

கவனத்தில் கொள்ள வேண்டிய இன்னொன்று, குளிர்ந்த நிலையிலிருந்து பூட் ஆவது. மணிக்கணக்கில் சோதனையில் தேறிய அமைப்பு, இரவெல்லாம் மின்சாரம் இல்லாமல் கிடந்த பின் காலையில் பூட் ஆக மறுக்கலாம். ரேம் டிரெயினிங் (ரேமுடன் பேசும் நேர அளவுகளைக் கணினி சரிசெய்துகொள்வது) அப்போது புதிதாக நடக்கிறது, அதன் முடிவு ஒவ்வொரு முறையும் ஒன்றாக அமைவதில்லை. சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, அரை மணி கழித்துப் பூட் செய்வதையும் சோதனையின் ஒரு பகுதியாகவே வைத்துக்கொண்டேன். பயோஸ் புதுப்பித்தால் இத்தனை எண்களும் அழிந்துவிடும் என்பதால் அமைப்புப் பக்கங்களைக் கைபேசியில் படமெடுத்து வைத்திருக்கிறேன்.

3200இலிருந்து 2933க்கு இறங்கியதால் வீடியோ ரெண்டரிங்கிலும் விர்ச்சுவல் மெஷினிலும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. 48 ஜிபி கிடைத்ததன் பலன் முதல் நாளே தெரிந்தது. விளையாட்டுக்காக மட்டும் கணினி வைத்திருப்பவருக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. அவர் பழைய கிட்டை விற்றுவிட்டு ஒரே பெட்டியில் வரும் பெரிய கிட்டை வாங்குவதே மேல்.

டிடிஆர்5க்கு இந்த அனுபவத்தை அப்படியே கொண்டுபோக முடியாது. அங்கே அடிப்படை அளவு 1.1 வோல்ட், மின்னழுத்தத்தைச் சீராக்கும் சிப் ஒவ்வொரு குச்சியிலேயே இருக்கிறது. ஆனால் நான்கு குச்சிகளின் பாரம் அங்கே இன்னும் கடுமை: ரைசன் 7000 வரிசையில் நான்கு போட்டால் அதிகாரபூர்வ வேகம் 3600க்கு விழுந்துவிடுகிறது. எஸ்ஓசி வோல்டேஜைப் போர்டின் விருப்பத்துக்கு விட்டால் என்ன ஆகும் என்பதையும் அந்த வரிசை காட்டியது. 2023 ஏப்ரலில் ரைசன் 7000 எக்ஸ்3டி பிராசஸர்கள் சில கருகிய செய்திகள் வந்த பிறகு, ஏஎம்டி பயோஸ் புதுப்பிப்பின் வழியே எஸ்ஓசி வோல்டேஜுக்கு 1.3 வோல்ட் என்று உச்ச வரம்பு போட்டது. டிடிஆர்5 கணினிக்கு ரேம் கூட்ட வேண்டி வந்தால் நான் இரண்டாவது கிட் தேட மாட்டேன். இருப்பதை எடுத்துவிட்டு, தேவையான அளவில் இரண்டே குச்சிகள் கொண்ட கிட் ஒன்றை வாங்குவேன்.