மேக்ஃபைல்ல செட்டிங்ஸ் பகிர எக்ஸ்போர்ட்டா, இன்க்ளூடா?

க்னூ மேக்ல (கோடை கம்பைல் பண்ற வேலையை நடத்தற டூல், அதுக்கான கட்டளைகள் இருக்கற ஃபைல்தான் மேக்ஃபைல்) மேல இருக்கற மேக்ஃபைல்ல சிஃப்ளாக்ஸை (CFLAGS, சி கம்பைலருக்கு குடுக்கற ஆப்ஷன்கள்) எக்ஸ்போர்ட் பண்ணிட்டா, அங்கேர்ந்து கூப்பிடற எல்லா சப் டைரக்டரிக்கும் என்விரான்மென்ட் வழியா தானா போயிடும், ஒரு வரி வேலைதான். ஆனா நான் ஒருநாள் லிப் ஃபோல்டருக்குள்ள மட்டும் போய் மேக் அடிச்சேன், மேல இருக்கற மேக்ஃபைல் ஓடாததால ஆப்டிமைசேஷன் ஃப்ளாக் இல்லாமலே கம்பைல் ஆயிடுச்சு, எரரும் வரல, அரைநாள் போச்சு. உள்ள இருக்கற மேக்ஃபைல் அதே வேரியபிளை திரும்ப செட் பண்ணினாலும் மேலேர்ந்து வந்த மதிப்பு அவ்ளோதான், காணாம போயிடும்.

இன்க்ளூட்னா ஒவ்வொரு மேக்ஃபைல்லயும் செட்டிங்ஸ் இருக்கற ஒரு பொது ஃபைலை சேர்க்கணும், கொஞ்சம் சலிப்புதான், ஆனா எந்த ஃபோல்டர்லேர்ந்து ஓட்டினாலும் ஒரே செட்டிங். பாதையை மட்டும் பார்த்து போடுங்க, மேக் ஓடற டைரக்டரியை வெச்சுதான் தேடும், இன்க்ளூட் வரி இருக்கற ஃபைலோட இடத்தை வெச்சு இல்ல. நான் இன்க்ளூடுக்கே மாறிட்டேன்.