ஏஜென்ட்டைத் தேடும் முன் புகைப்படமா, சேர்ந்த பின் புகைப்படமா?

லாஸ் ஏஞ்சலஸில், வாய்ப்பு தேடித் தரும் புது ஏஜென்ட்டைத் தேடும் நடிகருக்கு இரண்டு வழி: ஹெட்ஷாட்டை, அதாவது வாய்ப்புக் கேட்கக் கொடுக்கும் முகப் புகைப்படத்தை, தேடும் முன்பே எடுப்பது, அல்லது ஏஜென்ட்டிடம் சேர்ந்த பிறகு எடுப்பது. சேர்ந்த பிறகு எடுப்பது சிக்கனம். எந்த மாதிரி வேடங்களுக்கு அனுப்பப் போகிறார் என்பதை ஏஜென்ட்டே சொல்லிவிடுவார். சரி, ஆனால் கதவைத் தட்டும்போது கையில் இருப்பது பழைய முகம்தானே? படத்தில் அடர்ந்த கருமுடி, நேரில் காதோரம் நரை என்றால் முதல் சந்திப்பிலேயே நம்பிக்கை சரிந்துவிடும். நடிகர்களைத் தேர்வு செய்யும் காஸ்டிங் இணையதளங்களில் படம் கட்டைவிரல் நகம் அளவில்தான் தெரியும். அங்கே கண்கள் பேச வேண்டும்.

அதனால் முதலில் இரண்டே படம் எடுத்துவிடுங்கள்: சிரித்தபடி ஒன்று, சிரிக்காமல் ஒன்று. மீதியை ஏஜென்ட்டிடம் கேட்டுக்கொண்டு எடுக்கலாம். அப்புறம், பதிவுக் கட்டணம் கேட்பவரிடம் படத்தைக் கொடுக்காதீர்கள். கலிஃபோர்னியா சட்டப்படி ஏஜென்சிகள் அதை வாங்கக் கூடாது.