ஆறு குளிர்காலங்கள், இரண்டு ரைஃபிள்கள்: கயோட்டி வேட்டைக்குத் துப்பாக்கி, தோட்டா, ஸ்கோப் வாங்கிய அனுபவம்

டெக்சாஸ் மாநிலத்தின் சான் ஏஞ்சலோ நகருக்குத் தெற்கே உள்ள ஓர் ஆட்டுப் பண்ணைக்கு ஆறு குளிர்காலங்களாகக் கயோட்டி (நரியைப் போன்ற வட அமெரிக்கக் காட்டு நாய்) வேட்டைக்குச் சென்று வருகிறேன். செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் பேர்போன வட்டாரம் அது. பண்ணைக்காரர் எழுபதைக் கடந்த பெரியவர். குட்டி ஈனும் பருவத்தில் தொண்டையில் கடிபட்டுக் கிடக்கும் ஆட்டுக்குட்டிகளைக் காலைதோறும் பொறுக்கிப் போட்டுச் சலித்துப்போய், வார இறுதிகளில் நான் வந்து சுட்டுக்கொள்ளலாம் என்று அனுமதி கொடுத்தார். இந்த ஆறு ஆண்டுகளில் இரண்டு ரைஃபிள்கள், மூன்று ஸ்கோப்புகள் (ரைஃபிள் மேல் பொருத்திக் குறிபார்க்கும் தொலைநோக்கி), ஐந்தாறு வகைத் தோட்டாக்கள் என் கையில் புழங்கியிருக்கின்றன. அவற்றில் பாதியை வாங்கியிருக்கவே வேண்டியதில்லை. தொலைவில் நிற்கும் கயோட்டியை மனத்தில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் வாங்கினேன். வந்தவையெல்லாம் பக்கத்தில் வந்தன.

முதலில் சட்டம். டெக்சாஸில் கயோட்டிக்கு வேட்டைத் தடைக்காலம் கிடையாது. ஆனால் வேட்டை உரிமம் வேண்டும். கால்நடைகளைத் தாக்கிய, அல்லது தாக்க வரும் கயோட்டியைச் சுடுவதற்கு மட்டும் அதில் விலக்கு உண்டு. 1971 செப்டம்பர் 2ஆம் தேதியன்றோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்கள் வேட்டைப் பயிற்சி வகுப்பை முடித்திருக்க வேண்டும். அமெரிக்காவில் எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருக்கும் நம்மவர்கள் ஒன்றை மறந்துவிடக் கூடாது: செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற விலக்கு ஏதும் இல்லாமல் துப்பாக்கி வாங்குவதையோ வைத்திருப்பதையோ கூட்டாட்சிச் சட்டம் பொதுவாக அவர்களுக்கு அனுமதிப்பதில்லை. நான் பச்சை அட்டை கைக்கு வரும்வரை காத்திருந்துதான் முதல் ரைஃபிளை வாங்கினேன்.

அந்த முதல் ரைஃபிள் .22-250 ரெமிங்டன் தோட்டாவுக்கானது. கனமான குழல், 24 அங்குல நீளம், குண்டைச் சுழலவைக்கும் குழலின் உள்வரிகள் 14 அங்குலத்துக்கு ஒரு சுற்று. 55 கிரெயின் (குண்டின் எடை அளவு, சுமார் மூன்றரை கிராம்) குண்டை நொடிக்கு 3,680 அடி வேகத்தில் செலுத்தும் என்று தோட்டாப் பெட்டியில் அச்சிட்டிருந்தது. அதே எடைக் குண்டு .223 ரெமிங்டனில் 3,240 அடி. இந்த 440 அடி வித்தியாசம்தான் என்னை மயக்கியது. 300 கஜத்தில் நிற்கும் கயோட்டியைக் குறிக்கோட்டை உயர்த்தாமலே வீழ்த்திவிடலாம் என்று கணக்குப் போட்டேன். கணக்கில் பெரிய பிழை இல்லை. அந்த ரைஃபிளில் குறையும் இல்லை. ஆனால் .22-250 தோட்டா ஒன்று எரிக்கும் வெடிமருந்து .223 எரிப்பதைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. குழல் சீக்கிரம் சூடேறுகிறது, சத்தம் கூடுகிறது, தோட்டாவின் விலையும் கூடுகிறது. அதனாலேயே பயிற்சிக்குச் சுடுவதைக் குறைத்துக்கொண்டேன். ஸ்கோப்போடு நான்கரைக் கிலோவைத் தாண்டிய அந்த இரும்பைத் தோளில் மாட்டிக்கொண்டு, விடிவதற்குள் மூன்று இடங்கள் மாறி உட்கார்வது இன்னொரு தண்டனை.

இரண்டாம் குளிர்காலம் முடிந்ததும் என் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு சூட்டுக்கும் தொலைவு, காற்றின் திசை, குண்டு பட்ட இடம் ஆகியவற்றை எழுதி வைப்பது என் வழக்கம். ஒன்றிரண்டைத் தவிர எல்லாமே 150 கஜத்துக்கு உட்பட்டவை. பாதிக்குப் பாதி 80 கஜத்தைக்கூட எட்டவில்லை. அந்த நிலத்தைப் பார்த்தவர்களுக்கு இது வியப்பாக இராது. நம் ஊர்ச் சீமைக் கருவேலத்தின் நெருங்கிய உறவான மெஸ்கீட் மரமும், சப்பாத்திக் கள்ளியும், குத்துக்குத்தாய் ஜூனிப்பரும் மண்டிய மேட்டுநிலம் அது. அடிபட்ட முயலின் கதறலை ஒலிபெருக்கியில் எழுப்பினால், கயோட்டி அந்தப் புதர்களுக்கு இடையே புகுந்து, காற்று தன் மூக்குக்கு வரும் பக்கமாகச் சுற்றி வளைத்து, திடீரென்று முன்னால் வந்து நிற்கும். 300 கஜத் தொலைவுக்கு அங்கே கண்ணுக்கே வழி கிடையாது.

எனவே .22-250ஐ விற்றுவிட்டு .223இல் ஒரு டிக்கா டி3எக்ஸ் லைட் வாங்கினேன். பின்லாந்தில் சாக்கோ நிறுவனம் செய்வது. வெறும் ரைஃபிள் மூன்று கிலோவுக்கும் குறைவு; தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட், வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் ஓடுகிறது; விசை எந்த இழுபறியும் இல்லாமல் சட்டென்று விடுகிறது. நான்கு குளிர்காலங்கள் ஆகியும் போல்ட்டைக் கழற்றித் துடைத்ததைத் தவிர அதற்கு வேறு வேலை வைக்கவில்லை. வாங்குபவர்கள் பார்க்க வேண்டியது குழலின் வரிச்சுற்று. இதில் 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்பதால் 40 கிரெயின் முதல் 70 கிரெயினுக்கு மேல் வரை எதையும் நிலையாகச் சுழற்றிவிடுகிறது. பழைய .223 ரைஃபிள்கள் பலவற்றில் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்றுதான். நீண்ட, கனமான குண்டுகள் அவற்றில் சரியாக நிலைபெறா. இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. 5.56 நேட்டோ என்னும் இராணுவத் தோட்டா பார்வைக்கு .223 போலவே இருக்கும், குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறையிலும் நுழைந்துவிடும், ஆனாலும் .223 என்று பொறித்த ரைஃபிளில் அதைச் சுடக் கூடாது. அறையின் அளவு வேறு, அதனால் அழுத்தம் எல்லை மீறக்கூடும்.

நான் அதிகம் தடுமாறியது தோட்டாவில்தான். வேகத்தின் மீதிருந்த மயக்கம் தீராததால், .223இலும் முதலில் 40 கிரெயின் வி-மேக்ஸ் குண்டு பொருத்திய தோட்டாவையே எடுத்தேன். பெட்டியில் போட்டிருந்த வேகம் 3,800 அடி. மெல்லிய செம்பு உறை, பிளாஸ்டிக் முனை, பட்டதும் தூள்தூளாகச் சிதறும் அமைப்பு. பக்கவாட்டில் நின்றபோது விலா எலும்புகளுக்கு நடுவே பட்டபோதெல்லாம் கயோட்டி நின்ற இடத்திலேயே விழுந்தது. மறுபக்கம் துளையே இராது. ஆனால் ஒரு ஜனவரிக் காலையில் பெரிய ஆண் ஒன்று நேருக்கு நேர் சற்றே சாய்ந்தவாறு நின்றபோது தோள்பட்டை எலும்பில் சுட்டேன். சுருண்டு விழுந்து, எழுந்து, மூன்று காலில் ஓடிவிட்டது. இரண்டு மணி நேரம் தேடி ஓர் ஓடைக்கரையில் கண்டுபிடித்து இன்னொரு தோட்டாவால் முடித்தேன். தோளைத் தடவிப் பார்த்தபோது உள்ளங்கை அகலத்துக்குத் தோலும் சதையும் கிழிந்திருந்தன. எலும்புக்கு அப்பால் ஒன்றும் போகவில்லை. குண்டு மேலேயே சிதறிவிட்டது. பெரியவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு அந்தப் புண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் திட்டியிருந்தால் எனக்குச் சற்று இலகுவாக இருந்திருக்கும்.

அந்த வாரமே 55 கிரெயினுக்கு மாறினேன். அதே வி-மேக்ஸ் வகைதான். கூடுதல் எடையும் சற்றே குறைந்த வேகமும் குண்டை உள்ளே போகவிட்டுப் பிறகு சிதற வைக்கின்றன. தோலை விற்க நினைப்பவர்கள் இதிலும் சில சமயம் பெரிய துளையைப் பார்க்க நேரும். எனக்குத் தோல் வியாபாரம் இல்லை. முனை மென்மையான சாதாரண ஈயக்குண்டுத் தோட்டாவையும் முயன்றேன். விலை குறைவு, ஊடுருவல் நன்று. ஆனால் என் குழலில் 100 கஜத்தில் மூன்று குண்டுகள் ஒன்றரை அங்குல வட்டத்துக்குப் பரவின. வி-மேக்ஸ் முக்கால் அங்குலத்துக்குள் அடங்கியது. இது என் குழலின் விருப்பம், அவ்வளவே. உங்கள் குழல் நேர்மாறாக நடந்துகொள்ளலாம். மூன்று நான்கு வகைகளில் ஒவ்வொரு பெட்டி வாங்கிக் காகிதத்தில் சுட்டுப் பார்த்துவிட்டு, ஒத்துவந்ததை ஒரே தொகுப்பு எண்ணில் (ஒரே தடவையில் தயாரான தோட்டாக்களுக்குப் பெட்டியில் இடும் எண்) மொத்தமாக வாங்கிவிடுவது நல்லது. கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயக்குண்டே கூடாது என்பதால் அங்கிருப்பவர்கள் செம்புக் குண்டுகளைத்தான் பார்க்க வேண்டும்.

55 கிரெயின் குண்டு 200 கஜத்தில் குறியில் சரியாகப் படும்படி ஸ்கோப்பைப் பொருத்தினால், 100 கஜத்தில் ஏறக்குறைய ஒன்றரை அங்குலம் மேலேயும், 300 கஜத்தில் சுமார் ஏழு அங்குலம் கீழேயும் படும். கயோட்டியின் அடர்ந்த குளிர்கால முடி கண்ணை ஏமாற்றும். முடியை விலக்கிப் பார்த்தால் நெஞ்சறையின் உயரம் ஆறு அங்குலம் தேறாது. ஆக, 200 கஜம் வரை நடு நெஞ்சில் குறிவைத்துச் சுட்டால் போதும். எனக்கு அதற்கு அப்பால் வேலை இல்லை. காற்றுதான் தொல்லை. மணிக்கு 10 மைல் குறுக்குக் காற்று 200 கஜத்தில் குண்டை நான்கு அங்குலம் தள்ளிவிடும். அப்படிப்பட்ட நாள்களில் 150 கஜத்துக்கு மேல் விசையைத் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

இனி ஸ்கோப். முதல் ரைஃபிளில் 6.5-20 உருப்பெருக்கமுள்ள பெரிய ஸ்கோப்பை மாட்டியிருந்தேன். பிப்ரவரியில் ஒருநாள், ஒலியைத் தொடங்கி நான்கு நிமிடம் ஆகியிருக்கும்; இடப்பக்கக் கள்ளிப் புதரிலிருந்து 35 கஜத்தில் ஒரு கயோட்டி வெளியே வந்து நின்றது. ரைஃபிளை மெல்லத் திருப்பிக் கண்ணை வைத்தேன். உருப்பெருக்கம் 12இல் இருந்தது. ஸ்கோப் முழுக்கச் சாம்பல் நிற முடி. அது தோளா, தொடையா, முதுகா என்று ஒன்றும் புரியவில்லை. வளையத்தைத் திருகக் கையை எடுத்தேன். அந்த அசைவு அதற்குப் போதுமானதாக இருந்தது. அடுத்த நொடி வெறும் புதர்தான் தெரிந்தது.

பெரிய எண்ணுள்ள ஸ்கோப்பில் இன்னொரு கணக்கையும் அப்போது நான் போடவில்லை. முன்கண்ணாடியின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 50 மில்லிமீட்டர் கண்ணாடியை 20இல் வைத்தால் 2.5 மில்லிமீட்டர்தான்; 40 மில்லிமீட்டர் கண்ணாடியை 6இல் வைத்தால் ஆறரைக்கு மேல். மங்கிய வெளிச்சத்தில் நம் கண்மணி ஐந்து முதல் ஏழு மில்லிமீட்டர் வரை விரிகிறது. கயோட்டி நடமாடும் வேளையோ விடியலும் அந்தியும். காசை அதிகம் கொடுத்து இருட்டை வாங்கி வந்திருந்தேன்.

இரண்டாவதாக வாங்கியது மலிவான 4-12 ஸ்கோப். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். பிக்கப்பின் பின்னிருக்கையில் கரடுமுரடான பாதையில் இரண்டு மாதம் குலுங்கிய பிறகு, 100 கஜத்தில் குறி மூன்று அங்குலம் வலப்பக்கம் நகர்ந்திருந்தது. சரிசெய்தேன், மறுமாதம் மீண்டும் நகர்ந்தது. முதலில் ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் வளையங்களின் திருகைச் சந்தேகித்து, முறுக்குவிசைத் திருப்புளியால் குறிப்பிட்ட அளவுக்கு இறுக்கிப் பார்த்தேன், பயனில்லை. ஆனால் அந்தத் திருப்புளி மட்டும் இன்றுவரை உதவுகிறது. கை உத்தேசத்தில் ஸ்கோப் திருகை இறுக்குவதை விட்டுவிட்டேன்.

மூன்றாவது, இப்போது இருப்பது, லியூப்போல்ட் வி.எக்ஸ்-ஃப்ரீடம் 3-9×40 (உருப்பெருக்கம் 3 முதல் 9 வரை, முன்கண்ணாடி 40 மில்லிமீட்டர்). ஒரு கயோட்டி வேட்டைக்காரரிடம் இதைக் காட்டினால், தாத்தா காலத்து மான் வேட்டை ஸ்கோப் என்று சிரிப்பார். 3இல் வைத்தால் 100 கஜத்தில் முப்பது அடிக்கு மேல் அகலமான காட்சி தெரிகிறது. எடை 350 கிராம் அளவில் நிற்கிறது. நான் 3ஐ விட்டு நகர்த்துவதே அரிது. தொலைவில் வருவது தெரிந்தால் 6க்குத் திருக எப்படியும் நேரம் இருக்கும். மூன்று குளிர்காலங்களில் குறி நகரவில்லை.

ரைஃபிளுக்குக் கீழே முக்காலி வைத்துக்கொள்வது, விலையுயர்ந்த குழலைவிட அதிகப் பலன் தந்தது. காதுக்குப் பாதுகாப்பும் அவ்வாறே. சிறு ஒலிகளைப் பெருக்கி வெடியோசையை மட்டும் தடுக்கும் மின்னணுக் காதுறை போட்டால் சருகில் காலடி விழுவதும் கேட்கிறது. மேட்டின் விளிம்பில், பின்னால் வானம் மட்டும் தெரிய நிற்கும் கயோட்டியைச் சுடுவதில்லை. அந்தப் பக்கம் யார் வீட்டு ஆடு, யார் வீட்டு ஆள் என்று தெரியாது.

நான் சொன்னது மெஸ்கீட் புதர்க்காட்டுக்குப் பொருந்தும். கான்சஸின் கோதுமை வயல்களிலோ டெக்சாஸின் வடகோடிச் சமவெளியிலோ இருப்பவர்களுக்கு 300 கஜமும் காற்றும் அன்றாடம். அவர்கள் .22-250ஐயோ, கனமான குண்டுள்ள .243 வின்செஸ்டரையோ தாராளமாக எடுக்கலாம். என் பழைய ரைஃபிளை வாங்கியவரும் அந்த வடகோடியிலுள்ள அமரில்லோ பக்கத்துக்காரர்தான். .17 எச்.எம்.ஆர். சிறுதோட்டாவால் முடியுமா என்று என்னிடம் கேட்டவர்களுக்கு வேண்டாம் என்றே சொன்னேன். இரவு வேட்டையும் வெப்பப்படக் கருவியும் நான் தொடாத பகுதி.

சென்ற டிசம்பரில் குறியைச் சரிபார்க்க மூன்று தோட்டாக்கள் சுட்டேன். மூன்றும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு பட்டன. அதே தொகுப்பு எண்ணில் பதினோரு பெட்டிகள் மீதி இருக்கின்றன, பெட்டிக்கு இருபது. அவை தீர்ந்ததும் வேறு தொகுப்பில் தொடங்கி மறுபடியும் காகிதத்தில் சுட்டுப் பார்க்க வேண்டும்.