வீட்டுக்கே வந்து சினை ஊசி போடும் சேவை: ஒன்பது மாடு, இரண்டு வருட அனுபவம்

பெங்களூரு ஆனேக்கல் பக்கம் ஒன்பது மாடு வைத்திருக்கிறேன். எல்லாம் எச்.எஃப் (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்பு. பால் நந்தினி கூட்டுறவுப் பால் சொசைட்டிக்குப் போகிறது. இரண்டு வருடமாக ஒரு தனியார் சேவையிடம்தான் சினை ஊசி, அதாவது உறைய வைத்த காளை விந்தை மாட்டுக்குச் செலுத்தும் ஊசி, போடுகிறோம். சாதாரண ஊசி, பெண் கன்று ஊசி, கருமாற்றம் மூன்றும் செய்கிறார்கள். மூன்றையும் போட்டுப் பார்த்துவிட்டேன்.

இவர்களுக்கு முன்னால் வந்துகொண்டிருந்தவரைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். விந்து அடைத்த மெல்லிய குழாயை, நாங்கள் குச்சி என்போம், திரவ நைட்ரஜன் கேனிலிருந்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, தொழுவம் வரை பேசிக்கொண்டே நடந்து வருவார். எங்கள் மாடு சுட்டிக்கு மூன்று முறை போட்டார். மூன்று முறையும் சினை பிடிக்கவில்லை. ஒரு முறை தவறினால் அடுத்த பருவத்துக்கு 21 நாள். இரண்டு மாதத் தீவனம் வீண். மாட்டில்தான் குறை என்று நினைத்து ஹெப்பாள் கால்நடைக் கல்லூரிக்கு ஓட்டிப் போனோம். கருப்பையில் ஒரு கோளாறும் இல்லை என்றார்கள்.

இப்போது வருகிற தம்பி கிருஷ்ணகிரிக்காரர். போன் எடுத்ததும் முதல் கேள்வி, "அக்கா, எப்பத்துல இருந்து கத்துது? கோழை கண்ணாடி மாதிரி இருக்கா?" காலையில் பருவம் தெரிந்தால் மாலையில் வருவார், மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையில். கேனுக்குள் மைனஸ் 196 டிகிரி. குச்சி இருக்கும் குவளையைக் கேனின் கழுத்துக்கு மேலே தூக்கவே மாட்டார். பிளாஸ்கில் வெந்நீர் கலந்து தெர்மாமீட்டர் வைத்து 37 டிகிரி பார்த்து, 30 வினாடி குச்சியை அதில் வைப்பார். துடைத்துவிட்டுத்தான் வெட்டுவார். சுட்டிக்கு அவர் போட்ட முதல் ஊசியிலேயே சினை நின்றது. அதுவும் சாதாரண ஊசிதான்.

பெண் கன்று ஊசிக்கு வருகிறேன். விந்தணுவில் பெண் கன்று தருவதில் மரபுப்பொருள் ஏறக்குறைய 4 சதவீதம் கூடுதல். அதை வைத்து எந்திரம் பிரித்தெடுக்கிறது. பத்துக்கு ஒன்பது பெண் கன்று என்பது கணக்கு. ஆனால் சாதாரணக் குச்சியில் 2 கோடி அணு என்றால் இதில் சுமார் 20 லட்சம்தான். பிரிக்கும்போது படும் பாட்டில் அவற்றின் உயிரும் குறைவு. அதனால் சினை பிடிப்பது கொஞ்சம் கம்மி. இதை அந்தத் தம்பியே முதல் நாளில் சொல்லிவிட்டார். "பெரிய மாட்டுக்கு வேணாம்க்கா, இன்னும் கன்னு போடாத கிடாரிக்குப் போடுங்க" என்றார். குச்சி விற்றால் லாபம் உள்ளவர் அப்படிச் சொன்னது எனக்குப் பிடித்தது. ஐந்து கிடாரிக்குப் போட்டோம், மூன்று நின்றது, மூன்றும் பெண். பெண் கன்று எடை கம்மி என்பதால் தலை ஈத்தில் கிடாரி அவ்வளவாகச் சிரமப்படவும் இல்லை. பால் தராத காளைக் கன்று பிறந்தால் நாங்கள் படும் வேதனை மாடு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். அதற்காகவே இந்தக் கூடுதல் பணத்தை மனதார கொடுக்கிறேன்.

கருமாற்றம்தான் எங்களுக்குச் சரிப்படவில்லை. அவர்கள் ஆபீசில் வேறொருவர் ரொம்ப ஆசை காட்டினார். நல்ல கறவை மாட்டிலிருந்து முட்டை எடுத்து, ஆய்வகத்தில் கருவாக்கி, ஏழாவது நாள் வாடகைத் தாய் மாட்டில் வைப்பது. நான்கு மாட்டுக்கு ஹார்மோன் ஊசி போட்டு ஒரே நேரத்தில் பருவம் வரவைத்தார்கள். கரு வைக்கிற அன்று டாக்டர் ஸ்கேன் பார்த்து, இரண்டு மாட்டின் சூலகம் தயாராகவில்லை, வைத்தால் வீண் என்று விட்டுவிட்டார். மற்ற இரண்டில் ஒன்றுதான் நின்றது. டாக்டர் மேல் குறை இல்லை, அந்த நேர்மைக்கு நன்றி. ஆனால் எனக்கு வேண்டியது சுட்டியின் கன்றுகள். 22 லிட்டர் கறக்கிற மாடு வருடத்துக்கு ஒரு கன்றுதானே ஈனும். அதன் முட்டையை எடுத்தால் பல கன்று பார்க்கலாம். இவர்களோ வெளியிலிருந்து உறைய வைத்துக் கொண்டுவந்த கருவைத்தான் வைத்தார்கள். பணம் கட்டுவதற்கு முன்னால் இதை யாரும் தெளிவாகச் சொல்லவில்லை. அப்புறம், நிற்காத மாடுகளுக்கெல்லாம் நாள் போனது போனதுதான். ஒன்பது மாட்டுத் தொழுவத்தில் நான்கு மாட்டை ஒரே நேரத்தில் இதற்கென்று ஒதுக்குவது பெரிய விஷயம்.

இன்னொரு குறை, ஞாயிற்றுக்கிழமை மாலை போன் எடுப்பதில்லை. மாடு கிழமை பார்த்தா பருவத்துக்கு வரும்? இரண்டு முறை இப்படித் தவறிவிட்டது. அந்த நாளுக்கு மாற்று ஆள் வைக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

புதிதாகக் கூப்பிடுகிறவர்கள் குச்சியை வாங்கிப் படியுங்கள். காளையின் எண்ணும் எந்த நிலையத்தில் எடுத்தது என்பதும் அதில் அச்சிட்டிருக்கும். பெங்களூரு பக்கம் ஹெசரகட்டாவில் மத்திய அரசின் உறைவிந்து நிலையமே இருக்கிறது, அங்கே எடுத்த குச்சி உண்டா என்றும் கேளுங்கள். நான் காலிக் குச்சியை நோட்டில் ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதி வைக்கிறேன். அதே காளை அதன் மகளுக்கே போய்விடாமல் தடுக்க இதுதான் வழி.

சுட்டிக்கு இந்த மாதம் 18-ம் தேதி வாக்கில் பருவம் வரும். அதற்கு மறுபடியும் சாதாரண ஊசிதான். பெண் கன்று ஊசிக் குச்சி இரண்டு மட்டும் அதன் மகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.