இன்வெர்ட்டர் பேட்டரி சோதனை: மல்டிமீட்டரா, 100 ஆம்ப் டெஸ்டரா, மூணு ஹெட்லைட் பல்பா?

முன்பு மூணு மணி நேரம் ஓடிய 150 ஏஹெச் (ஆம்ப்-அவர், அதாவது ஆம்ப் × மணி நேரம்) டியூப்லர் பேட்டரி இப்போது முக்கால் மணியிலேயே இன்வெர்ட்டரைக் கத்தவிடுகிறது. எக்ஸ்சேஞ்சில் போடுமுன் எதை வைத்துச் சோதிப்பது?

மல்டிமீட்டரை நம்ப வேண்டாம். சார்ஜ் முடிந்து நாலு மணி நேரம் ஆறிய நல்ல பேட்டரி 12.5 முதல் 12.7 வோல்ட் வரை காட்டும். தகடுகளில் பாதி செத்துப்போன பேட்டரியும் அதையே காட்டக்கூடும். வோல்டேஜ் ஆசிடின் அடர்த்தியைச் சொல்லும், தகட்டில் மிச்சம் எவ்வளவு என்பதைச் சொல்லாது.

கடைக்காரர் கொண்டுவரும் 100 ஆம்ப் லோடு டெஸ்டர் 10 விநாடியில் இழுப்பது 0.28 ஏஹெச்தான். கார் ஸ்டார்ட் ஆகுமா என்பதற்கு அது சரியான சோதனை. லூஸ் டெர்மினலும் டெட் செல்லும் அதில் சிக்கும். நாலு மணி நேர பேக்கப்புக்கு அது சாட்சி ஆகாது. டிஜிட்டல் கண்டக்டன்ஸ் டெஸ்டர் இன்னும் மோசம். அது கேட்கும் சிசிஏ எண் (குளிரில் வண்டி ஸ்டார்ட் செய்யத் தரும் ஆம்ப்) இன்வெர்ட்டர் பேட்டரி லேபிளில் இருப்பதில்லை. ஆள் உத்தேசமாகத் தட்டிய எண்ணுக்குத்தான் சதவீதம் வருகிறது.

உண்மையைச் சொல்வது பல்புதான். 12 வோல்ட் 55 வாட் ஹாலஜன் மூணை பேரலலாக இணைத்தால் சுமார் 14 ஆம்ப். பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்து, ஆறவிட்டு, இன்வெர்ட்டர் வயரைக் கழற்றிவிடுங்கள். 4 சதுர மி.மீ. வயர் போதும். நடுவில் ஒரு ஃபியூஸ் இருக்கட்டும். ஸ்விட்ச் பேட்டரியிலிருந்து தள்ளியே இருக்க வேண்டும், ஹைட்ரஜன் பக்கத்தில் பொறி பறக்கக் கூடாது. பல்புகளைச் செங்கல் மேல் வையுங்கள். வோல்டேஜை வயர் முனையில் அல்லாமல் பேட்டரியின் ஈயக் கம்பத்திலேயே அரை மணிக்கொருமுறை எடுங்கள். ஆம்ப் பார்க்க டிசி கிளாம்ப் மீட்டர் வேண்டும், ஏசி மட்டும் எடுக்கும் கிளாம்ப் பூஜ்யம்தான் காட்டும்.

10.8 வோல்ட் வந்ததும் நிறுத்திவிட்டு உடனே சார்ஜில் போடுங்கள். லேபிளில் உள்ள 150 என்பது பெரும்பாலும் 7.5 ஆம்ப் வீதம் 20 மணி நேரக் கணக்கு. அதனால் 14 ஆம்பில் நல்ல பேட்டரியே எட்டு, ஒன்பது மணி நேரம்தான் தாங்கும். நாலு மணியில் விழுந்தால் பாதி போய்விட்டது. மணிக்கணக்கைவிட வோல்டேஜ் இறங்கும் விதத்தைக் கவனியுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினால் மொத்தமாகத் தேய்ந்திருக்கிறது. 11.9-லிருந்து திடீரென 2 வோல்ட் குதித்து இறங்கி அங்கேயே நின்றால் ஒரு செல் மட்டும் போயிருக்கிறது.

பேட்டரியின் ஆறு செல்லில் எது என்பதற்கு, ஆசிடின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர். ஃபுல் சார்ஜில் டியூப்லருக்கு 1.240 அளவில் இருக்க வேண்டும். ஐந்து செல் 1.240-லும் ஒன்று 1.180-லும் நின்றால் அதுதான் குற்றவாளி, டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிய சூட்டோடு எடுத்த ரீடிங்காக இல்லாதவரை. தண்ணீர் மேலேயே நிற்கும், ஒருமுறை சார்ஜ் ஏறினால்தான் கலக்கும். ஆறுமே 1.190-ல் இருந்தால் பேட்டரியைக் குறை சொல்வதற்கு முன் இன்வெர்ட்டரின் சார்ஜிங் வோல்டேஜைப் பாருங்கள். அதைச் சரிசெய்து, ஒரு நாள் முழுக்க ஏற்றி, மறுபடி பல்பு போட்டுப் பார்க்கலாம்.