நாயோடு வரும் வாடகைக்காரர்: மறுப்பதா, எழுதி வாங்குவதா?

கிளிநொச்சியில் எங்கள் பின்பக்க அறையைக் கேட்டு வந்த அக்கா முதலிலேயே சொல்லிவிட்டார்: "தம்பி, நாய் பக்கத்தில கிடந்தால்தான் எனக்கு நித்திரை வரும்." 2009 மே வரை முள்ளிவாய்க்காலில் நின்றவர். அதற்குமேல் நான் காரணம் கேட்கவில்லை.

மறுப்பது சுலபம். விறாந்தையும் கிணற்றடியும் துப்பரவாகக் கிடக்கும். ஆனால் நல்ல ஆள் கைவிட்டுப் போய்விடும். அல்லது நாயை ஒளித்து வளர்ப்பார், அது இன்னும் தலையிடி.

சம்மதிப்பதென்றால் வாய்ப்பேச்சு போதாது. முதலில் விசர்நாய்த் தடுப்பூசி அட்டை. அறிகுறி தெரிந்தபின் அந்த நோயிலிருந்து தப்புவது மிக அரிது, ஆகவே இதில் விட்டுக்கொடுப்பு இல்லை. பிறகு பிரதேச சபைப் பதிவு, இரவுக் குரைப்பு, கீறின கதவுக்கு ஆர் காசு என்பதெல்லாம் உடன்படிக்கையில் வர வேண்டும். முற்பணத்தை நான் கூட்டவில்லை. உண்மையான சேதத்துக்கு மட்டும் கழிப்பேன் என்று எழுதினேன்.

பக்கத்து வீட்டுக் கோழிகளைத்தான் மறந்துபோனேன்.